பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியா? வாங்கும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். ஒயிட்ஃபீல்டில் வேலை, ராமமூர்த்தி நகரில் வீடு. கையில் ஆறு லட்சம். சக்லேஷ்பூர், குடகு, ஊர்ப்பக்கம் கொல்லிமலை என்று குடும்பத்தோடு போய்வர ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகிற வண்டி வேண்டும். மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறீர்கள்: மடிகேரி நம்பரில் 2006 மாருதி ஜிப்ஸி, பெங்களூர் நம்பரில் 2013 மஹிந்திரா தார், டெல்லியிலிருந்து வந்த 2011 டீசல் எஸ்.யு.வி. "எஞ்சினை எப்படிச் சோதிப்பது என்று மட்டும் சொல்லுங்கள் அண்ணா, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸ், அப்புறம் கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற ஃபோர் வீல் சமாச்சாரம், அதன் பிறகு பேப்பர், அதற்கும் பிறகுதான் எஞ்சின். காரணம் இதுதான். எஞ்சின் போனால் நம் ஊரில் செய்துகொள்ளலாம். ஜே.சி. ரோட்டில் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் கிடைக்கும். சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்க லேத் பட்டறை இருக்கிறது, வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். செலவு ஆகும், ஆனால் வண்டி திரும்பி வரும். துரு தின்ற சேசிஸ் திரும்பி வராது. வெல்டிங் வைத்து ஒட்டலாம். ஒட்டிய இடத்துக்கு அடுத்த இடம் ஆறு மாதத்தில் விடும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அப்பா அல்சூரில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார், எஞ்சின் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். அதனால் 2009-இல் என் முதல் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கும்போது எஞ்சினை மட்டும் ஒரு மணி நேரம் கேட்டேன். அருமையான எஞ்சின். அடியில் குனிந்து பார்த்தேன், பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். நல்லா வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். நாலாவது மாதம் சக்லேஷ்பூர் தாண்டி மலைச் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பின்னாலிருந்து ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிற ஷாக்கிள் பிராக்கெட் சேசிஸோடு பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. உள்ளே மனைவியும் இரண்டு வயதுப் பெண்ணும் இருந்தார்கள். வந்து பார்த்த மெக்கானிக் ஒரு திருப்புளியை எடுத்துப் பக்கத்திலேயே குத்தினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. அந்தக் கறுப்புப் பெயிண்ட் விற்பதற்காக அடித்தது. அதன் பிறகு நண்பர்களுக்காக எத்தனையோ வண்டி பார்த்துக் கொடுத்திருக்கிறேன், ஒன்றைக்கூடப் படுக்காமல் பார்த்ததில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? ஒரு கோணி, நல்ல டார்ச், தட்டையான திருப்புளி, சின்ன சுத்தியல். அவ்வளவு போதும். விற்பவரிடம் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் "தட்டிப் பாருங்க" என்பார். சேசிஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இரும்பு "டிங்" என்று பேசும். துரு ஏறிய இடம் "தப்" என்று செத்த சத்தம் கொடுக்கும், கூடவே உள்ளேயிருந்து துருப்பொடி கொட்டும். எந்த இடத்தில் அதிக கவனம் வேண்டும் என்றால், பின்பக்க ஷாக்கிள் உட்காரும் இடம், பாடியைச் சேசிஸோடு பிடிக்கிற ரப்பர் மவுண்ட் இருக்கும் கைகள், டீசல் டேங்குக்கு மேல் மறைந்திருக்கும் பகுதி, குறுக்குச் சட்டங்கள் வந்து சேரும் மூலைகள். பெட்டி மாதிரி மூடிய சேசிஸில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அதில் விரலை விட்டுப் பாருங்கள். செம்மண் அடைத்திருந்தால் மழைக்காலம் முழுக்க உள்ளே ஈரம் நின்றிருக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரிச் சேசிஸைத் துரு பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் தின்றுகொண்டு வரும்.

வண்டியின் நம்பரே இதில் பாதி கதையைச் சொல்லும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிற காய்ந்த ஊர். இங்கேயே ஓடிய வண்டியின் அடிப்பாகம் பொதுவாக நன்றாக இருக்கும். கே.ஏ. 19 என்றால் மங்களூர், கே.ஏ. 20 என்றால் உடுப்பி. அது உப்புக் காற்று, நேராகச் சேசிஸுக்குப் போங்கள். கே.ஏ. 12 மடிகேரி, கே.ஏ. 18 சிக்கமகளூர், கேரளத்தில் கே.எல். 12 வயநாடு. இவை காபி, மிளகுத் தோட்டங்களின் வண்டிகள். தோட்ட வண்டி கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சில தோட்டக்காரர்கள் வண்டியைக் குழந்தை மாதிரி வைத்திருப்பார்கள், ஃபோர் வீலை வாரம் தவறாமல் போட்டு ஓட்டுவதால் அந்த லீவர் வெண்ணெய் மாதிரி விழும். ஆனால் வருடத்தில் நாலு மாதம் சேற்றில் நின்ற வண்டி அது. உங்கள் மடிகேரி ஜிப்ஸியை நான் முதலில் நிராகரிக்கவில்லை, முதலில் அடியில் படுக்கச் சொல்கிறேன்.

பாடியில் துரு இருப்பது வேறு விஷயம். ஜிப்ஸியின் தரைத் தகடு, தாரின் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் ஓரம், கதவடிகள் எல்லாம் டிங்கரிங்கில் சரியாகும். காந்தம் ஒன்று கையில் வைத்து பாடியில் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டிதான். ரப்பர் மேட்டைத் தூக்கித் தரையைப் பார்க்க மறக்காதீர்கள்.

இனி ஃபோர் வீல். பெங்களூரில் விற்பனைக்கு வருகிற பழைய ஃபோர் வீல் டிரைவ்களில் நிறைய வண்டிகள் அந்த லீவரைத் தொடாமலேயே பத்து வருடம் ஐ.டி. பார்க்குக்கும் வீட்டுக்கும் ஓடியவை. "ஒரு தடவைகூட ஆஃப் ரோடு போகவில்லை சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது பயம் தரும் செய்தி. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்புகிற பெட்டி. உபயோகிக்காமல் விட்டால் அதற்குள் கியரை நகர்த்தும் ஷிப்ட் ஃபோர்க் இறுகிவிடும், லீவருக்குப் பதில் பட்டன் வைத்த வண்டியில் அதை நகர்த்தும் மோட்டார் துருப்பிடித்து நின்றுவிடும், வேக்குவம் குழாய் வெடித்திருக்கும். அடித்து ஓட்டிய வண்டியும் ஆபத்து, அப்படியே நின்ற வண்டியும் ஆபத்து. இரண்டையும் ஒரே சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

அதற்கும் முன்னால், அது உண்மையிலேயே ஃபோர் வீல் டிரைவா என்று பாருங்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது, ஆனால் பார்த்திருக்கிறேன். ஒரே பெயரில் டூ வீலும் ஃபோர் வீலும் விற்ற வண்டிகள் நிறைய. ஸ்கார்ப்பியோ, சஃபாரி, பொலேரோ எல்லாமே அப்படித்தான். 2010-இல் வந்த தாரிலேயே டி.ஐ. என்ற மலிவு ரகத்தில் டூ வீலும் இருந்தது. பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை யாரும் வாங்கி ஒட்டலாம். குனிந்து முன்பக்கம் பாருங்கள். முன் சக்கரங்களுக்கு நடுவே கிரௌன் பினியன் உட்கார்ந்த ஹவுசிங் இருக்க வேண்டும், அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்கிற சுழலும் நீளத் தண்டு ஒன்று வர வேண்டும். சில வண்டிகளில் முன் ஷாஃப்டைச் சத்தம் வருகிறது என்று கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். லீவர் இருக்கும், டாஷ்போர்டில் விளக்கும் எரியும், முன் சக்கரத்துக்கு எதுவும் போகாது.

ஜிப்ஸி, தார் மாதிரி வண்டிகளைப் பார்ட் டைம் ஃபோர் வீல் என்பார்கள். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. லீவரில் டூ ஹை என்றால் பின் சக்கரம் மட்டும், ஃபோர் ஹை என்றால் நாலு சக்கரமும். ஃபோர் ஹையில் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம், பத்து நிமிடம் போதும். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் விடுங்கள். ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். ஹப் லாக் (முன் சக்கரத்தை அதன் அச்சோடு பூட்டும் திருகு) இருக்கிற வண்டி என்றால் இரண்டு ஹப்பையும் லாக்கில் திருப்புங்கள். டூ ஹையில் அந்தச் சக்கரம் கையால் சுற்ற வேண்டும். ஃபோர் ஹையில் போட்டுவிட்டுச் சுற்றிப் பாருங்கள், கொஞ்சம் ஆடி அசையாமல் நின்றுவிட வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் ஹப்போ, ஆக்சிலோ, டிரான்ஸ்ஃபர் கேஸோ எங்கேயோ அறுந்திருக்கிறது. அதே சோதனையை மறுபக்கமும் செய்யுங்கள். வண்டிக்கடியில் தலையை விடாதீர்கள், ஜாக்கியை நம்பி எதுவும் செய்யக்கூடாது.

உங்கள் மூன்றாவது வண்டி மாதிரி பெரிய எஸ்.யு.வி.க்களில் சில எப்போதும் நாலு சக்கரத்துக்கும் சக்தி கொடுப்பவை. 2009-இல் இங்கே வந்த முதல் ஃபார்ச்சூனர் அப்படித்தான். அதில் நடுவிலும் ஒரு டிஃபரென்ஷியல் உண்டு, கியரை நியூட்ரலில் விட்டு, அதைப் பூட்டிப் பார்த்தால்தான் மேலே சொன்ன சோதனை பலிக்கும். பூட்டாமல் பார்த்துவிட்டுச் சக்கரம் சுற்றுகிறதே என்று விற்பவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. இதைத் தார் ரோட்டில் செய்யக் கூடாது. பார்ட் டைம் வண்டியை ஃபோர் ஹையில் போட்டுக் காய்ந்த தார் ரோட்டில் திருப்பினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடப் பார்க்கும், ஓட முடியாமல் ஷாஃப்டும் கியரும் முறுக்கேறும். கனகபுரா ரோட்டிலோ ஹெசரகட்டா பக்கமோ இன்னும் வீடு எழும்பாத லேஅவுட் எத்தனையோ இருக்கிறது. மண் தரையில் ஃபோர் ஹை போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, ஆளின் நடை வேகத்தில் எட்டு போடுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். முன் சக்கரத்திலிருந்து "கடக் கடக் கடக்" என்று தாளம் போட்டால் வெளி ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. பின்னோக்கி ஓட்டியும் கேளுங்கள், சில ஜாயிண்ட் ரிவர்ஸில் மட்டும்தான் பேசும்.

அப்புறம் வண்டியை நிறுத்தி, கிளச் மிதித்து, நியூட்ரலில் வைத்து, லோவுக்கு இழுங்கள். ஃபோர் லோ என்பது கூடுதல் கியர் குறைப்பு. தாரில் சக்கரம் சுற்றுகிற வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவுக்குக் கூடும். ஜிப்ஸியில் அது ஏறத்தாழ 1.6 மடங்குதான். முதல் கியரில் ஆக்சிலேட்டர் தொடாமல் விட்டால் வண்டி எறும்பு மாதிரி ஊர வேண்டும். ஒரு சரிவில் அப்படியே இறக்குங்கள், லீவர் மேல் கையை லேசாக வைத்திருங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் கையில் தெரியும். அது தேய்ந்த டிரான்ஸ்ஃபர் கேஸ். மலையில் இறங்கும்போது அப்படித் துள்ளினால் எஞ்சின் பிரேக் என்பதே இல்லாமல் போய்விடும், வண்டி சட்டென்று ஓட ஆரம்பிக்கும். இந்த ஒரு குறைக்கு நான் பேரம்கூடப் பேச மாட்டேன், வேறு வண்டி பார்ப்பேன்.

திரும்ப அடியில் போங்கள். இந்த முறை ஷாஃப்டுகள். கியரில் விடாமல், சக்கரத்துக்குக் கல் வைத்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஷாஃப்டின் முனையில் மடங்கும் மூட்டான கிராஸ் இருக்கும் இடத்தில் "டொக்" என்று ஆட்டம் இருக்கக் கூடாது. கிராஸின் மூடியைச் சுற்றி மஞ்சள் குங்குமம் பூசியது போல் செந்தூள் இருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் துருவாகிப் பொடியாகிக்கொண்டிருக்கிறது. இது பெரிய செலவு இல்லை. ஆனால் கிரீஸ் கன் வைத்து நாலு தடவை அழுத்தும் வேலையைக்கூடச் செய்யாதவர், வேறு எதைச் செய்திருப்பார் என்று யோசிக்க வைக்கும்.

அடுத்து எண்ணெய். முன் ஹவுசிங், பின் ஹவுசிங், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் நாலுக்கும் எண்ணெய் ஊற்றுகிற துளையின் போல்ட்டைக் கழற்றி விரலை விடுங்கள். தேன் நிறத்திலோ கறுப்பாகவோ வந்தால் மாற்றிக்கொள்ளலாம். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹவுசிங்குக்கு மூச்சு விட ஒரு பிரீதர் இருக்கும். அது அடைத்திருந்தால், சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்த எண்ணெயோடு ஓடிய பேரிங் கொஞ்ச நாளில் ஊளையிடும். விரலில் வந்த எண்ணெயை இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள், மினுமினுக்கும் பொடி கொஞ்சம் இருப்பது வயசு. கையில் நெருடுகிற துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

ஜிப்ஸியில் மட்டும் இன்னொன்று. முன் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு உருண்டை நக்கிள் இருக்கும், கெட்டியான கிரீஸ் அடைத்தது. ஹவுசிங்குள்ளே ஆக்சில் சீல் போய்விட்டால் கியர் ஆயில் கசிந்து அந்தக் கிரீஸை ரசம் மாதிரி ஆக்கிவிடும், நக்கிளின் பின்பக்கத்தில் வழிந்து சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் ஈரமாக இருக்கும். அங்கேயே சக்கரம் இடம் வலம் திரும்ப உதவும் கிங் பின் பேரிங்கும் இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளம் பட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்து நிற்காது. நைஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தச் சாமான்கள் கிடைக்கும், வேலையும் கஷ்டமில்லை, விலையில் கழித்துக்கொள்ளுங்கள். டி.ஐ. ரகம் தவிர மற்றத் தாரில் முன்பக்கம் இப்படி இல்லை, தனித்தனி சஸ்பென்ஷன். அங்கே ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், கிழிந்திருந்தால் மண் உள்ளே போய் ஜாயிண்டைத் தின்றிருக்கும்.

டயர் நாலும் ஒரே அளவு, ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். சாதாரண காரில் இது பெரிய விஷயமில்லை. ஃபோர் வீலில் புது டயரும் தேய்ந்த டயரும் கலந்திருந்தால் சுற்றளவு மாறுபட்டு, ஃபோர் ஹையில் போகும்போதெல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அந்த வித்தியாசத்தைத் தாங்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. மேல் பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் எட்டு வருடப் பழைய ரப்பர் மலைக்கு ஆகாது.

பெரிய டயர் போட்டு, ஷாக்கிளை நீட்டி உயர்த்திய வண்டியா? என் அபிப்பிராயம், முதல் வண்டியாக அதைத் தொடாதீர்கள். பிரேக்குக்கும் கிராஸுக்கும் பாரம் கூடும், வண்டி கவிழும் தன்மையும் கூடும். சட்டமும் பக்கத்தில் நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் உறுதி செய்தது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பருக்கும் 2017 டிசம்பரிலிருந்து மத்திய அரசின் தடை உண்டு. விற்பவர் "ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஆக்சஸரி போட்டிருக்கிறேன்" என்று விலையில் சேர்ப்பார். அதைக் கழற்ற ஆகும் செலவைத்தான் நீங்கள் சேர்க்க வேண்டும்.

பேப்பருக்கு வருவோம். ஆர்.சி.யின் கடைசித் தேதியை முதலில் பாருங்கள். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருடம். உங்கள் 2006 ஜிப்ஸிக்கு அது 2021-இலேயே முடிந்திருக்கும். விற்பவர் புதுப்பித்திருக்க வேண்டும். ஒரு தடவை புதுப்பித்தால் 5 வருடம். 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி, எஃப்.சி.க்குத் தயார் செய்யும் செலவு தனி. புதுப்பிக்காத வண்டியை "நீங்களே போட்டுக்கொள்ளலாம், சுலபம்" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அவரே போட்டுக் கொடுக்கட்டும், நீங்கள் அட்வான்ஸ் கொடுத்துக் காத்திருங்கள்.

சேசிஸ் நம்பரை நீங்களே கண்ணால் படியுங்கள். சேசிஸில் குத்தியிருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்து, ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு அப்படியே வரும். ஆர்.டி.ஓ.விலும் இதைத்தான் கேட்பார்கள். எழுத்துகள் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். சுற்றிலும் கிரைண்டர் தேய்த்த தடமோ வெல்டிங்கோ இருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ராணுவ ஏலத்தில் வந்தது என்று சொல்லும் ஜிப்ஸி, ஜீப் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஏலப் பேப்பரும் அதன் பிறகு செய்த பதிவும் இரண்டும் கையில் இருந்தால் நல்ல வண்டிதான். ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம். ராணுவப் பச்சை அடித்திருந்தால் நிறத்தை மாற்றும் செலவையும் கணக்கில் வையுங்கள், அந்த நிறம் நம்மைப் போன்றவர்களுக்கு அனுமதி இல்லை.

அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு உரிமையாளர் எத்தனையாவது, பைனான்ஸ் பாக்கி, பிளாக்லிஸ்ட் என்று பாருங்கள். பெங்களூர் டிராஃபிக் போலீஸ் அபராதம் எவ்வளவு நிற்கிறது என்பதையும் தனியாகப் பாருங்கள். பழைய வண்டியில் அது பல ஆயிரம் சேர்ந்திருக்கும், உரிமை மாற்றத்தின் போது உங்கள் தலையில் விழும். புரோக்கர் கையெழுத்து மட்டும் போட்ட உரிமை மாற்றத்துக்கான வெற்று 29, 30 படிவங்களைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆர்.சி.யில் பெயர் இருப்பவரை நேரில் பார்த்து, அவர் முன்னால் நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

டெல்லி வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துக்கொண்டு, 10 வருட டீசலும் 15 வருடப் பெட்ரோலும் கூடாது என்றது. 2025 ஆகஸ்டில்தான் அந்த வண்டிகள் மேல் கெடுபிடி நடவடிக்கை வேண்டாம் என்று சொன்னது. இந்த இடைப்பட்ட வருடங்களில் நல்ல நல்ல டீசல் எஸ்.யு.வி.க்கள் பாதி விலைக்குத் தெற்கே வந்தன. வண்டிகள் மோசமில்லை. பழைய ஆர்.டி.ஓ. கொடுத்த ஆட்சேபணை இல்லாச் சான்று, அதாவது ஒரிஜினல் என்.ஓ.சி. கையில் இருக்கிறதா, எந்த ஆர்.டி.ஓ. பெயருக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், கர்நாடக ஆயுள் வரியும் கட்ட வேண்டும். வரி, வண்டியின் புது விலையையும் வயதையும் வைத்துக் கணக்கிடுவது. பெரிய வண்டிக்குப் பெரிய தொகை வரும். உங்கள் வட்டாரம் கே.ஆர். புரம் ஆர்.டி.ஓ. அங்கே போய் அந்த மாடலுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிறகு விலை பேசுங்கள். மலிவு என்று நினைத்தது பல சமயம் அந்தச் சீட்டிலேயே முடிந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதையும் பார்த்துவிடுங்கள். 2015, 2023 சென்னை வெள்ளம், 2022 செப்டம்பரில் நம் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, இவற்றில் நனைந்த வண்டிகள் எங்கெங்கோ போயிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் வண்டல் கோடு இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது எஞ்சின். காலையில், முந்தின இரவு நின்ற வண்டியாகப் பாருங்கள். போனதும் பானட்டில் கையை வையுங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக ஒரு தடவை ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நிற்கலாம். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அப்படியே வையுங்கள். மூடி லேசாக நடுங்கலாம், துள்ளி விழுந்தாலோ மூச்சு மூச்சாகப் புகை வந்தாலோ ரிங் தேய்ந்துவிட்டது. குளிர்ந்த ரேடியேட்டரைத் திறந்து பாருங்கள், கூலண்ட் நிறம் இருக்க வேண்டும். டீ நிறத்தில் வெறும் தண்ணீர் இருந்தால் பல வருடமாகக் குழாய்த் தண்ணீர் குடித்த வண்டி. ஜிப்ஸி எஞ்சினுக்கு டைமிங் பெல்ட். எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால் வாங்கியதும் மாற்றிவிடுங்கள். காமன் ரெயில் டீசல்களில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்தான் செலவு, எனவே டீசல் பம்ப் பழுது பார்க்கும் ஒரு கடையில் காட்டி, கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மியூசிக் சிஸ்டம், சீட் கவர், ஏ.சி. எல்லாம் உங்கள் விருப்பம், நான் அதற்கு நேரம் செலவிட மாட்டேன்.

உங்கள் மூன்றில் எது என்றால், என் மனசு தார் பக்கம் போகிறது, சேசிஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தேறினால். பெங்களூர் நம்பர், ஆர்.சி. 2028 வரை, சாமான் எல்லா ஊரிலும் கிடைக்கும், குடும்பத்தோடு மலைக்குப் போக இழுவை போதும். ஆனால் பின் சீட் பக்கவாட்டு பெஞ்ச் என்றால் குழந்தைகளோடு தூரப் பயணம் கஷ்டம், ஒரு தடவை அவர்களை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஜிப்ஸி மனதுக்குப் பிடித்த வண்டி, ஆனால் அதற்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுக்க முடிகிறவருக்குத்தான். எதுவானாலும் ஆறு லட்சத்தையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். ஒன்றேகால் லட்சம் தனியாக வையுங்கள். முதல் மாதமே எல்லா எண்ணெயும், பெல்ட், பிரேக், கிராஸ், டயர் என்று அந்தப் பணம் போய்விடும், போக வேண்டும்.

ஞாயிறு காலை ஆறரைக்கு நான் அல்சூர் ஏரிப் பக்கம்தான் இருப்பேன். வண்டியைக் கொண்டு வருவதாக விற்பவர் சொன்னால் முந்தின நாள் சொல்லுங்கள், கோணியும் சுத்தியலும் நான் எடுத்து வருகிறேன்.